அப்பளத்தில் ஒரு கேள்வி

லேசர் இயந்திரத்தை ஓட்டக் கற்றுக்கொண்ட வாரத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தின் மேக்கர்ஸ்பேஸ் பட்டறையில் த்ரீடி பிரிண்டர், எம்பிராய்டரி மெஷின் எல்லாம் உண்டு. எனக்கு லேசர் மட்டும்தான் கண்ணில் பட்டது. மரக்கட்டை, சிலிப்பர், வாழைப்பழத் தோல் என்று எதைக் கொடுத்தாலும் அது என் பெயரைப் பொசுக்கி எழுதியது. தாமரை என்று எழுதாத சாமான் இந்த வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று என்னோடு தங்கியிருக்கும் மிஷெல் அலுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து யுகேந்திரனுக்கு ஜோகூரில் வேலை கிடைத்தது. முதல் வருடத்திலிருந்து எல்லா புராஜெக்டிலும் அவன்தான் என் ஜோடி. எனக்கு அவனைப் பிடிக்கும், ரொம்பப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறான். அதற்குள் சொல்லியாக வேண்டும், வாயோ வரவில்லை. வாய் வராவிட்டால் என்ன, லேசர் இருக்கிறதே!

அவன் சாப்பாட்டு ராமன். அப்பளம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே அப்பளத்தில் எழுதுவது என்று முடிவானது.

முதல் அப்பளத்தில் ஓட்டை விழுந்தது. அடுத்தது வெடித்தது. கருகிய உளுந்து வாசனை மூன்றாம் மாடிவரை போய், யார் இங்கே சமைக்கிறது என்று ஆய்வகப் பொறுப்பாளரே வந்துவிட்டார். ஒருவழியாகச் சூட்டைக் குறைத்து, தடித்த எழுத்தில் எழுதினேன்: ‘உன்னைப் பிடிச்சிருக்கு. உனக்கு?’ அதே மாதிரி இன்னொன்றை, நாங்கள் தங்கியிருக்கும் செந்தூல் வீட்டில் பொரித்துப் பார்த்தோம். எழுத்து எண்ணெயில் அழியவில்லை. நானும் மிஷெலும் அடுப்படியில் ஒரு ஆட்டம் போட்டோம்.

சனிக்கிழமை மதியம் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு அவனை அழைத்துப் போனேன். கை கழுவும் சாக்கில் எழுந்து, பரிமாறும் அண்ணனிடம் அப்பளத்தை ரகசியமாகக் கொடுத்து, பொரித்து அவன் இலையில் மட்டும் வைக்கச் சொன்னேன். அண்ணன் படித்துவிட்டு, தன் வீட்டுக் கல்யாணம் மாதிரி தலையாட்டினார்.

கொண்டும் வந்தார். அவசரத்தில் எழுத்துப் பக்கத்தைக் கீழே கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். நான் எட்டித் திருப்புவதற்குள் யுகேந்திரன் வழக்கம்போல உள்ளங்கையால் அதைச் சோற்றின்மேல் நொறுக்கி, சாம்பாரோடு பிசைந்து, உருட்டி உருட்டி உள்ளே தள்ளினான். என் நான்கு வருடக் காதல் கத்திரிக்காயோடு போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட வேகமாகச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் வாயும் திறந்துகொண்டது.

“டேய், அந்த அப்பளத்துல எழுதியிருந்தேன் லா.”

“என்னா எழுதியிருந்த?”

“உன்ன பிடிச்சிருக்குன்னு.”

அவன் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தான், இலையைப் பார்த்தான். பிறகு சோற்றை விலக்கித் தேட ஆரம்பித்தான். கடைசியில் முட்டைக்கோஸுக்கு அடியில் ஒரு துண்டு கிடைத்தது. துடைத்து வெளிச்சத்தில் பிடித்தான். ‘உனக்கு?’ என்பது மட்டும் மிச்சமிருந்தது.

அதை வாயில் போட்டு நிதானமாக மென்றான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

“எனக்கும்தான்,” என்றான்.

அதற்குப் பிறகு வந்த வெறும் அப்பளங்களையும் அவன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நொறுக்கினான்.