பூஜ்யம் இருக்கும் திசை

காந்திபுரத்து மாலை வகுப்பில் கம்ப்யூட்டரில் வரைந்த புது வீட்டுப் படத்தைக் கோகிலவாணி அப்பாவிடம் நீட்டினாள். படம் சரியாக இருந்தால்தான் வகுப்பு தொடரும் என்று அவர் சொல்லியிருந்தார்.

தம்பிதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஏங்கண்ணு, தென்கெழக்கு அக்கினி மூலைல இருக்கோணும்னு நாஞ்சொன்ன அடுப்படி வடமேக்கு வாயு மூலைக்கு எப்படிப் போச்சு?"

அடுப்படிக்குக் கோணம் நூற்று முப்பத்தைந்து டிகிரி என்று மூன்று முறை சரிபார்த்து நாட்குறிப்பிலும் எழுதி வைத்திருந்தாள். "வடக்குத்தான் பூஜ்யம்னு நெனச்சுப்போட்டனுங்கப்பா. கம்ப்யூட்டருக்குக் கெழக்குத்தான் பூஜ்யமுங்க. அது சுத்துறதும் எதிர்ப்பக்கமுங்க."

வகுப்பு போயிற்று என்றே நினைத்தாள்.

"கெழக்க இருந்தா ஆரம்பிக்குது?" அவர் முகம் மலர்ந்தது. "அப்ப அது வாஸ்து தெரிஞ்ச மிசினு. உனக்குத்தான் தெரியல. தவறாமப் போயி அதுகிட்டயே கத்துக்கிட்டு வா அம்மணி."