ஆறாத கோர்வெற்

1987ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம், லண்டன் ஸ்ட்ரெதமில் இராஜேந்திரனின் வீட்டு வாசலில் நின்ற கோர்வெற் கார் தோசைக்கல் போலச் சூடேறியது. பிறகு அது ஆறவில்லை. எஞ்சின் ஓடவில்லை, வெயிலும் இல்லை, தூறிக்கொண்டிருந்தது. தூறல் முன்மூடியான பொனற்றில் பட்டுச் சீறி ஆவியாவதை எதிர்வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்க உள்ளே போனார்கள்.

இராஜேந்திரன் நோர்தேர்ன் லைனில் ரயில் ஓட்டுபவர். நாள் முழுதும் சுரங்க இருட்டுக்குள் ஓட்டுகிறவருக்கு வெளிச்சத்தில் ஓட்ட ஒரு வாகனம் வேண்டியிருந்தது. சஃபோக் விமானத் தளத்திலிருந்து நாடு திரும்பவிருந்த ஓர் அமெரிக்கச் சிப்பாயிடம் அந்தக் காரை 1984இல் வாங்கினார். அது 1963ஆம் ஆண்டுக் கார். பின்கண்ணாடி நடுவே முதுகெலும்பு போல ஒரு வரம்பு ஓடி அதை இரண்டாகப் பிரிக்கும். அந்த ஒரு வருஷம் மட்டுந்தான் அப்படிச் செய்தார்கள். பின்னால் வருவது தெரியவில்லை என்று அந்த வரம்பை வெட்டி எறிந்து ஒற்றைக் கண்ணாடி போட்டுக்கொண்டவர்களை இராஜேந்திரன் கொலைகாரர் என்றே சொல்வார். பகலில் லைற்றுகள் மூக்குக்குள் புரண்டு ஒளிந்திருக்கும், சுவிச்சைத் தட்டினால் நித்திரையால் எழும்புவது போல மெல்லத் திரும்பும். பின்னால் டிக்கிக் கதவே கிடையாது, அந்த வளைவைக் கெடுக்கச் செய்தவனுக்கு மனம் வரவில்லைப்போலும் என்பார். உடம்பு முழுதும் ஃபைபர்கிளாஸ், இந்த நாட்டு மழையில் கறள் பிடிக்காது. ஸ்ரியறிங் இடப்பக்கம் இருந்ததால் எதிரே வரும் பஸ்கள் எல்லாம் வலப்பக்கம் இருந்த மனைவி சிவனேஸ்வரியை நோக்கியே வந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு பிரைற்றன் கடற்கரைவரை போய்வந்தாள்.

லண்டனில் அவர்களுடைய ஊர்ச் சங்கத்தின் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா தன் மகளின் கலியாணத்துக்கு அந்தக் காரைக் கேட்டார். இராஜேந்திரன் அந்தக் கிழமை முழுதும் மெழுகு பூசினார், தனக்கும் புதுக் கோட்டு வாங்கினார். முதல் நாள் தலைவர் நேரில் வந்தார். உள்ளே வரவில்லை, தேத்தண்ணியும் வேண்டாம் என்றார்.

“தம்பி, கார் வந்தாக் காணும். ஓட்ட எங்கட பெடியன் ஒருத்தன் நிக்கிறான்.”

“அது இடக்கைப் பக்கம் இருந்து ஓட்டுற கார், அண்ணை. நான்தானே ஓட்டவேணும்?”

“நீர் மாப்பிளை பொம்பிளையோட வந்து இறங்கினா எங்கட சனம் ஒரு மாதிரிக் கதைக்கும். உமக்குத் தெரியாததே?”

தெரியும். ஊரில் தலைவர் வீட்டுப் பனங்காணியில் கள்ளுச் சீவியவர் இராஜேந்திரனின் தகப்பன். ஊர்க் கோயிலில் தேர்வடத்தைத் தொட்டதற்காக இராஜேந்திரனின் சிற்றப்பனின் கையை முறித்தார்கள். இப்போதும் சாதியின் பேரை யாரும் உச்சரிக்கவில்லை. இராஜேந்திரன் கார்த் திறப்பைப் பொக்கற்றுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார். அப்போதுதான் கார் சூடானது.

லூயிஷாமில் கராஜ் வைத்திருந்த பரமேஸ்வரன் வந்து பார்த்தார், காரில் ஒரு பழுதும் இல்லை என்றார். பெயின்ற் கூடப் பொங்கவில்லை. கவுன்சிலிலிருந்து வந்தவர்கள் சூடான காருக்கு எதிராகச் சட்டம் ஒன்றும் இல்லை என்று போய்விட்டார்கள். 1991 பெரும்பனியில் தெருவே வெள்ளையாகக் கிடக்க, காரைச் சுற்றி மட்டும் ஈரத் தார் தெரிந்தது. பக்கத்து வீட்டு பெர்னடெற் தன் காலுறைகளை அதன் கூரையில் காயப்போடப் பழகிக்கொண்டாள். இராஜேந்திரனால்தான் அதைத் தொட முடியவில்லை. கதவுப் பிடியில் கைவைத்தால் தோல் வெந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபாதையில் நின்று பின்கண்ணாடியைப் பார்ப்பார், பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்வார். வருஷங்கள் இப்படிப் போயின.

ஒருநாள் சிவனேஸ்வரி சோற்றுக் கோப்பையை மேசையில் ஓங்கி வைத்தாள்.

“தலைவர் அங்க நல்லா நித்திரை கொள்ளுறார். வேகிறது நீங்களும் காருந்தான்.”

“என்னை ஆறச் சொல்லுறியோ?”

“ஆர் ஆறச் சொன்னது? அவரின்ர முகத்துக்கு நேர சொல்லுங்கோ எண்டுறன். எனக்கும் அந்தக் கோவம் கிடக்கு. நீங்கள் மட்டும் வைச்சுக்கொண்டு இருக்க ஏலாது.”

1996இல் தலைவர் திரும்பவும் வந்தார். தலை நரைத்திருந்தது. லண்டனில் சங்கம் நடத்தும் கோயிலுக்குப் புதுத் தேர் வருகிறது என்றார். “இந்த முறை எல்லாரும் வடம் பிடிக்கலாம், தம்பி. நாங்கள் தீர்மானிச்சிட்டம். நீரும் வாரும்.”

“பிடிக்கலாம் எண்டு சொல்லுறதுக்கு நீர் ஆர்?” என்றார் இராஜேந்திரன். அவருடைய குரல் தெரு முனைவரை கேட்டது. “என்ர அப்பா சீவின கள்ளு உங்களுக்கு இனிச்சது. என்ர கார் வடிவாயிருந்தது. நான் மட்டும் உங்களுக்கு ஆகாது. என்ர சித்தப்பான்ர கையை முறிச்ச வடத்தை இப்ப எனக்குப் பிச்சையாப் போடுறீரோ? மன்னிப்புக் கேக்க வந்தீரெண்டாக் கேளும். பெருமைக்கு வந்தீரெண்டாப் போம்!”

பெர்னடெற் யன்னலைத் திறந்தாள். சிவனேஸ்வரி புருஷனுக்குப் பக்கத்தில் வந்து நின்று, “கேளுங்கோவன்” என்றாள். தலைவர் பின்னால் ஒரு எட்டு வைத்தார். தடுமாறிக் காரின் மட்கார்ட்டைப் பிடித்தவர் அலறிக் கையை உதறினார். மன்னிப்புக் கேட்காமலே போனார்.

இராஜேந்திரன் போய்க் கார்க் கதவைத் திறந்தார். சூடு கொஞ்சமும் குறையவில்லை, ஆனால் அவரைச் சுடவில்லை. அத்தனை வருஷம் கிடந்த எஞ்சின் முதல் திருகிலேயே உறுமியது. “பொறுங்கோ, சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாறன்” என்றாள் சிவனேஸ்வரி. அவளையும் அது சுடவில்லை.

அடுத்த தை மாதம் கண்ணாடிகளை இறக்கிவிட்டுப் பிரைற்றன் போகையில் குரொய்டனில் ஒரு பொலிஸ்காரர் மறித்தார். வழக்கப்படி வலப்பக்கம் வந்து குனிந்தார், அங்கே சிவனேஸ்வரி இருந்தாள். பொனற்றில் கைவைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டு, ஏன் இப்படிக் கொதிக்கிறது என்று கேட்டார். இவருக்குக் கோவம் என்றாள் அவள். எப்போதிருந்து என்று கேட்டார். எண்பத்தேழிலிருந்து என்றாள். பொலிஸ்காரர் இராஜேந்திரனின் முகத்தைப் பார்த்தார். காரணம் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றார் இராஜேந்திரன். பெற்றோல் அடிக்கும் இடத்தில் கவனம் என்று சொன்ன பொலிஸ்காரர், கையுறைகளைக் கழற்றி, பொனற்றுக்கு மேலே கைகளை நீட்டிக் கொஞ்ச நேரம் குளிர்காய்ந்துவிட்டு, போகலாம் என்றார்.