அட்டையில் நின்ற பெயர்

பட்டமளிப்பு மண்டபத்துக்குள் வந்ததிலிருந்து றுஷ்தா அந்தப் பெயர் அட்டையை நாலாவது தடவையாகத் திருப்பிப் பார்த்தாள். மேடைக்குப் போகும்போது அறிவிப்பாளரின் கையில் கொடுக்க வேண்டிய அட்டை. தங்கப் பதக்கம், கணிதம். அது சரி. அதன் கீழே 'முஹம்மது தம்பி' என்று மட்டும் நின்றது. அது வாப்பாவின் பெயர். பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி வாப்பாவின் பெயரை முன்னால் போட்டு விண்ணப்பித்திருந்தாள். அச்சடித்தபோது, கட்டத்துக்குள் அடங்காத அவளுடைய பெயர் வெட்டுப்பட்டுப் போயிற்று.

நேற்று ஒத்திகை முடிந்ததும் எழுதுவினைஞர் டிலக்ஷனிடம் போய்ச் சொன்னாள்.

"பயப்பிடாதீங்கோ தங்கச்சி, வாசிக்கிறவரிட்டச் சொல்லிவிடுறன்" என்றார் அவர்.

சொன்னாரா? மண்டபத்தில் அவரைக் காணவில்லை.

"பேனையால எழுதிவிடு" என்றாள் பக்கத்துக் கதிரையில் இருந்த சுதர்ஷிகா.

"அட்டையில கை வைக்கக் கூடாதெண்டு சொன்னவங்க."

"அப்ப உன்ர வாப்பாவையே போய் வாங்கச் சொல்லு."

றுஷ்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வாப்பா மீன் விற்கும் கிண்ணியாச் சந்தையில் அவள் இன்றைக்கும் 'தம்பியர மகள்'தான். ஒரே ஒரு தடவை, ஒலிபெருக்கியில் தன் பெயர் கேட்க வேண்டும். விண்ணப்பத்தைப் பிழையாக நிரப்பியது தானோ என்று மறுபடியும் மனம் அரித்தது.

வரிசை நகர்ந்தது. மேடைப் படியில் அட்டையைக் கொடுக்கும்போது, "றுஷ்தா" என்று மெல்லச் சொன்னாள். அறிவிப்பாளருக்குக் கேட்கவில்லை.

"தங்கப் பதக்கம், கணிதம். முஹம்மது தம்பி."

கைதட்டலுக்கு நடுவே பின்வரிசையில் கதிரை ஒன்று கிரீச்சிட்டது. வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக வாப்பா எழும்பி நின்றார். யாரோ சிரித்தார்கள். உட்காரும்படி ஒருவர் கை காட்டினார். வாப்பா உட்காரவில்லை.

"நான் எட்டாம் வகுப்போட நிண்டவன் சேர். படிச்சது என்ட மகள், றுஷ்தா."

சந்தையில் மீன் கூவிப் பழகிய குரல். மேடை வரைக்கும் வந்தது. நடப்பதா நிற்பதா என்று தெரியாமல் றுஷ்தா நடு மேடையில் நின்றாள்.

அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினார். "மன்னிக்கவும். முஹம்மது தம்பி றுஷ்தா."

வெளியே துறைமுகக் காற்று அங்கியை இழுத்தது. பதக்கம் கழுத்தில் கிடந்தது. சான்றிதழ் உறையைப் பிரிக்கத்தான் அவளுக்கு மனம் வரவில்லை.

"கொண்டாங்க மகள்" என்று வாப்பா வாங்கிப் பிரித்து, விரல் வைத்து வாசித்தார். "என்ட பேர்தான் கிடக்கு."

சான்றிதழை வாங்கிப் பார்க்க அவள் கை நீட்டினாள்.

"பொறுங்க மகள்." விரல் கீழே இறங்கியது. "அடுத்த வரியில நீங்களும் நிக்கிறீங்க."