ஜெட் ஸ்கீ மாப்பிள்ளை

விஜயபாஸ்கரைப் பிடித்த சனி, கேமரா வைத்த ஃபோன் வடிவில் வந்தது.

துபாய்க்குப் பக்கத்து ஃபுஜைராவில் டயர் கடை சூப்பர்வைசர் அவன். கல்யாண மாலை வாடுவதற்குள் விமானம் ஏறிவிட்டவன். பெரம்பலூர்ப் பக்கம் அம்மா வீட்டில் இருந்த மனைவி அகிலா, தன்னை நினைத்துக் கவலைப்படக் கூடாதே என்று, லீவு நாட்களில் கோர்ஃபக்கான் கடற்கரைக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்புவான். அங்கே மணலில், சக்கரம் வைத்த தள்ளுவண்டியின் மேல் ஜெட் ஸ்கீக்கள் நிற்கும். கடலில் ஓட்டுகிற பைக் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதில் ஒன்றில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அதை வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்க்கும் நிதினிடம் ஃபோனைக் கொடுப்பான்.

"சக்கரம் தெரியாம எடு பாய். பின்னால கடல் மட்டும் வரணும்."

படத்துக்குக் கீழே, 'இன்று அலை கொஞ்சம் ஜாஸ்தி' என்று ஒரு வரி வேறு. எவனோ நிறுத்திய காரில் சாய்ந்து படம் எடுத்து ஊருக்கு அனுப்பாத ஆள் வளைகுடாவில் யார் இருக்கிறார்கள்? அதைப் போல இதுவும் ஒன்று என்றுதான் அவன் நினைத்தான். மற்றபடி, முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் அவனுக்கு மூச்சு முட்டும். கிணறெல்லாம் வற்றிக் கிடந்த ஊரில் வளர்ந்தவன் நீச்சலுக்கு எங்கே போவான்?

அகிலா அந்தப் படங்களைத் தோழிகளிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டாள். அவளுடைய அம்மா சரோஜாவுக்கோ அவற்றைப் பார்த்தாலே பயம். சரோஜாவின் கணவர் புல்லட்டில் பறந்தவர். மெதுவாப் போங்க என்று அவள் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று, ஒரு நாள் அவரும் போய்விட்டார். மகளுக்கும் அதே மாதிரி ஒருவன் வாய்த்துவிட்டானே என்று அந்த அம்மாள் நொந்து கிடந்தாள். விஜயபாஸ்கர் ஃபேமிலி ரூம் பார்த்துவிட்டு அகிலாவை அழைத்தபோது, சரோஜா தானும் கிளம்பினாள்.

"கூட இருந்து பாக்கறேன். சரிப்பட்டா விட்டுட்டு வரேன். இல்லன்னா ரெண்டு பேரும் அடுத்த ஃப்ளைட்டுல திரும்பிடுவோம்."

வந்த மறுநாளே அகிலா அம்மாவின் பயத்தை அவன் காதில் போட்டாள். விஜயபாஸ்கருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலை. உண்மையைச் சொன்னால் மாமியார் நிம்மதியாவாள், ஆனால் மனைவி முன்னால் மானம் போகும். யோசித்து யோசித்து, குடியை விட்டவன் பேசுகிற தோரணையில் மாமியாரிடம் போனான்.

"அத்தை, இனிமே அந்த வண்டியத் தொடவே மாட்டேன். விட்டுட்டேன்."

"விட்டேன்னு சொன்னவங்க எத்தன பேர நான் பாத்திருக்கேன் மாப்ள" என்றாள் சரோஜா.

வந்தவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டாமல் இருக்க முடியுமா? அடுத்த லீவில் கோர்ஃபக்கானுக்கே போகும்படி ஆயிற்று. கடற்கரையில் ஒரே திருவிழா. படகில் கட்டி இழுத்த பாராசூட்டில், குடைராட்டினத்தில் தொங்குவது மாதிரி ஒருத்தி வானத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். மஞ்சள் நிற வாழைப்பழப் படகில் ஒரு குடும்பமே உட்கார்ந்து கத்திக்கொண்டு போயிற்று. காலை நனைத்துவிட்டு, சமோசா தின்றுவிட்டு நழுவிவிடலாம் என்பது விஜயபாஸ்கரின் திட்டம்.

"பாஸ்கர் பாய்!"

நிதின்தான். குடும்பத்தைப் பார்த்ததும் அவனுக்கு நட்பு பொங்கிவிட்டது. நண்பனின் மானத்தைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவு செய்துவிட்டான். தமிழர்களோடு ஒரே ரூமில் இருந்து பழகிய மலையாளி, தமிழ் நன்றாகவே வரும்.

"அம்மா, உங்க மருமகன் மாதிரி ஓட்ட இங்க ஆளே இல்ல. அலை மேல வண்டிய அப்படியே தூக்குவாரு!"

சரோஜாவின் முகம் செத்துப்போயிற்று. "அகிலா, ரூமுக்குப் போய்ப் பெட்டியக் கட்டு."

இனி மானமாவது மண்ணாவது என்று விஜயபாஸ்கர் பதறினான். "அத்தை, எல்லாம் பொய்! நான் ஒரு நாள்கூட ஓட்டினதில்ல. மணல்ல நிக்கற வண்டியில உக்காந்து படம் எடுத்தேன். எனக்குத் தண்ணின்னாலே பயம்!"

"சார் அடக்கமாப் பேசறாரு" என்றான் நிதின், இன்னும் உற்சாகமாக.

"என்னைச் சமாதானம் பண்ண இப்படிச் சொல்றீங்க" என்றாள் சரோஜா.

பயந்தாங்கொள்ளி என்பதற்கு ஒருவன் எதைச் சாட்சியாகக் காட்டுவான்? விஜயபாஸ்கர் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஜெட் ஸ்கீயில் நிதினின் பின்னால் ஏறினான். கொஞ்சம் நடித்தால் போதும் என்பது அவன் எண்ணம்.

நடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. முதல் அலையிலேயே அவன் போட்ட அலறலில் வாழைப்பழப் படகுக்காரர்கள் கத்துவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். "நிறுத்து பாய்! கலாஸ்! போதும்! அத்தை! அத்தே... காப்பாத்துங்க!" பெற்ற தாயை அவன் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கண்ணை இறுக மூடி, நிதினின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பல்லியாக ஒட்டிக்கொண்டான்.

கரைக்கு வந்ததும் நிதினின் சட்டையைப் பிடித்தபடியே இறங்கினான். அகிலாவை ஏறிட்டுப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஃபோனில் கேட்டதோடு சரி, நேரில் அவள் இப்படிச் சிரித்து அவன் பார்த்ததே இல்லை. துப்பட்டாவால் அவன் தலையைத் துவட்டிவிட்டாள்.

"ஃபோன்ல இருந்த ஆள விட இந்த ஆளு எவ்வளவோ தேவலங்க."

சரோஜாவும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் கண் கலங்கிவிட்டது.

"உங்க மாமனாரு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ இப்படிப் பயந்திருந்தா..." மேலே பேச முடியாமல் மூக்கைச் சிந்தினாள். அப்புறம், "நான் மட்டும் ஊருக்குப் போறேன் மாப்ள. என் பொண்ணு இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

விஜயபாஸ்கர் தலையை ஆட்டினான். நிதினின் சட்டையை மட்டும் அவன் இன்னும் விடவில்லை.