தீர்ப்பை ரத்து செய்த பழக் கேக்

எங்கள் ஊர் முல்காராவில் ஒரு பழக் கேக் கோர்ட் தீர்ப்பையே ரத்து செய்தது என்று நான் சொன்னால், பாதிப் பேர் தலையாட்டுவார்கள். மீதிப் பேர், "வாலஸ் அளக்கிறான்" என்பார்கள். வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி, அத்தனை பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே வாயை மூடிக்கொண்டு இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகாவது கொஞ்சம் அளக்கக் கூடாதா? ஆனால் இந்தக் கதையில் நான் சேர்த்தது முயல் அளவுதான், மாடு அளவு இல்லை.

நெரிடா எங்கள் ஊர் பேக்கரியில் வேலை செய்கிறவள். அவள் அடுப்பிலிருந்து இறைச்சி அடைத்த மீட் பை எடுக்கும் நேரத்தில் நெடுஞ்சாலை லாரிகள் தாமாகவே பிரேக் போடும். முதலாளி பாண்டெலிஸ், கடையை விற்றுவிட்டு பிரிஸ்பேனில் மகளோடு போய் இருக்க முடிவு செய்தார். நெரிடாவுக்குத்தான் முதல் உரிமை என்றார். ஆனால் மாதக் கடைசிக்குள் அவளுக்குக் கடன் தர பேங்க் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் டயர் கடை வைக்கக் கேட்கிறவருக்குக் கொடுத்துவிடுவார். பேங்க் கையை விரித்தது. நெரிடாவின் கடன் பதிவில் ஒரு கோர்ட் தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறதாம்.

உட்கார்ந்திருந்தது உண்மைதான். வறட்சி வருஷத்தில் அவள் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் வாடகைக்கு இருந்தாள். மழைத்தொட்டி காய்ந்து, உள்ளே இருந்த தவளைகளே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன. டேங்கரில் தண்ணீர் விற்கும் குவெண்டா வந்து இரண்டு லோடு ஊற்றினாள். தண்ணீர்க் காசு வாடகையோடு சேர்ந்தது என்று நெரிடா நினைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து டப்போ நகரத்தில் இருந்த அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, அங்கே ஓடினாள். போன் எண்ணும் மாறியது. பில்லும் கோர்ட் தாளும் காலி வீட்டு அஞ்சல் பெட்டியில் சிலந்திகளுக்கு மெத்தையாயின. குவெண்டா போட்ட வழக்கில் அவள் வராமலே தீர்ப்பு ஆகிவிட்டது. திரும்பி வந்து விஷயம் தெரிந்த அன்றே, வழக்குச் செலவோடு சேர்த்து எல்லாவற்றையும் கட்டினாள்.

கட்டினால் அழிந்துவிடும் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். சட்ட உதவி எண்ணில் பேசிய பெண்தான் எங்களைத் தரைக்குக் கொண்டுவந்தாள். கட்டினால், பக்கத்தில் 'கட்டியாயிற்று' என்று ஒரு சொல் சேருமாம், அவ்வளவுதான். தீர்ப்பு ஐந்து வருஷம் அசையாது. போக வேண்டுமென்றால் கோர்ட்டே அதை ரத்து செய்ய வேண்டும். வழக்குப் போட்டவர் சம்மதித்து, இரண்டு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சீக்கிரம் முடியும். சம்மதிக்காவிட்டால் மாஜிஸ்திரேட் முன்னால் நின்று வாதாட வேண்டும். அதற்குள் பேக்கரி அடுப்பின்மேல் டயர் அடுக்கியிருப்பார்கள்.

நெரிடா தாளை நிரப்பித் தன் கையெழுத்தைப் போட்டு என் கையில் திணித்தாள். அவளே போக முடியாது. காசு கட்டிய கோபத்தில், குவெண்டாவின் தண்ணீரில் டீசல் நாறுகிறது என்று பப்பில் குடிக்கிற எல்லார் காதிலும் விழும்படி சொல்லி வைத்திருந்தாள். எனக்கென்றால் ஒரே குஷி. பேருந்தை விட்ட பிறகு யாரும் என்னை எங்கேயும் அனுப்பியதில்லை.

குவெண்டா குழாயடியில் டேங்கரை நிரப்பிக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டியவள், ஒரு கையால் டயர் மாற்றி மறு கையால் தேநீர் குடிக்கிறவள். நான் சொன்னதை எல்லாம் கேட்டாள்.

"காசெல்லாம் கட்டினா அவ, இல்லேன்னு சொல்லல. ஆனா எத்தனை தடவ போன் பண்ணேன் தெரியுமா? ஓடிப்போனவளுக்கு நான் எதுக்குய்யா கையெழுத்துப் போடணும்?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "போன வருஷம் அவ கேக்குக்கு முதல் பரிசு குடுத்தாங்களே, அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது" என்றாள்.

நான் கேக்கைப் பற்றி மூச்சே விடவில்லை.

விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பொருட்காட்சியில் பழக் கேக் என்றால் அது மாட்டுச் சந்தையைவிடப் பெரிய போர்க்களம். உலர் திராட்சையை இத்தனை துண்டாக, செர்ரியை இத்தனை துண்டாக வெட்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வருஷா வருஷம் குவெண்டாதான் ஜெயித்துக்கொண்டிருந்தாள், நெரிடா வரும் வரைக்கும்.

இதைப் போய்ச் சொன்னதும் நெரிடா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்போ நான் இந்த வருஷம் கேக்கே வைக்கல பெருசு. அவகிட்ட சொல்லிடு."

கேக் பந்தலில் தட்டு தூக்கி எண் ஒட்டும் வேலை என்னுடையது. போட்டி நாள் காலையில் குவெண்டா தன் கேக்கோடு வந்து நின்றதும், பெரிய ராஜதந்திரி மாதிரி அவள் காதில் விஷயத்தைப் போட்டேன். கையெழுத்து அங்கேயே விழும் என்று பேனாவைக்கூடத் திறந்து வைத்திருந்தேன்.

அவள் முகம் தக்காளியானது. "விட்டுக்குடுக்கறாளா? எனக்கா?" என்றாள். அடுத்த நிமிஷம் நான் டேங்கரில் இருந்தேன், அவளுடைய கேக் என் மடியில். டேங்கர் பறந்த வேகத்தில் ததும்பிய தண்ணீர் பிரதான சாலையைக் கழுவிவிட்டது. வறட்சி முடிந்தது என்று நினைத்து இரண்டு ஆடுகள் வேலி தாண்டின.

பேக்கரியில் நெரிடா மாவுக் கையோடு நிமிர்ந்தாள்.

"கேக் பண்ணியிருக்கியா?" என்றாள் குவெண்டா.

"டின்ல இருக்கு."

"எடு."

அலமாரியில் இரண்டு டின்கள் இருந்தன. ஒன்றில் இருந்தது போட்டிக்கென்று வாரக்கணக்கில் பதப்படுத்திய கேக். மற்றது அடி கருகியது. நெரிடாவின் கை மெதுவாகக் கருகிய டின்னின் மேல் போனது. எனக்குத் தெரியும். குவெண்டாவுக்கும் தெரிந்துவிட்டது.

"அது நல்ல கேக்காடீ?"

நெரிடா நல்ல டின்னை அலமாரியின் உள்ளே தள்ளினாள்.

குவெண்டா என் பக்கம் கையை நீட்டினாள். "யோவ், அந்தப் பேப்பரக் குடு." மாவு படிந்த மேசையில் அதை விரித்து, டேங்கர் ஓட்டுகிற அழுத்தத்தில் கையெழுத்துப் போட்டாள். மேசையிலும் பதிந்திருக்கும். "இந்தா. இனி என்கிட்ட ஆக வேண்டியது உனக்கு ஒண்ணுமில்ல. இப்போ நல்ல டின்ன எடு. ஜெயிச்சா ஒழுங்கா ஜெயிக்கணும் நான்."

நெரிடாவின் கண் கலங்கியது. ஆனால் கை சட்டென்று நல்ல டின்னுக்குப் போய்விட்டது. தாளை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தேன். மூன்று பேரும் இரண்டு கேக்கும் முன் இருக்கையில் நெருக்கியடித்துத் திரும்பினோம். பந்தல் வாசலை மூடிக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் குதித்து ஓடித் திரையைப் பிடித்துக்கொண்டதால்தான் உள்ளே நுழைந்தோம்.

நடுவர் பாத்தர்ஸ்ட் நகரத்திலிருந்து வந்த அம்மாள். ஒவ்வொரு கேக்கையும் வெட்டி, முகர்ந்து, வைரம் பார்க்கிற மாதிரி துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் முதல் பரிசுக்கான நீல ரிப்பனை நெரிடாவின் தட்டில் வைத்தார்.

குவெண்டா ரிப்பனைப் பார்த்தாள். அப்புறம் என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

நான் ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓடுவேன் என்று என் முழங்காலுக்கே தெரியாது. கோழிக் கூண்டுகள், கழுத்து நீண்ட அல்பாகாக்கள், மரம் வெட்டும் போட்டி எல்லாவற்றையும் தாண்டினேன். வெட்டுகிறவர்கள் கோடாரியை நிறுத்தி எனக்குக் கைதட்டினார்கள். கோர்ட் அலுவலகம் மூடுவதற்குள் தாளைச் சேர்த்துவிட வேண்டும். பின்னால் அவள் பூட்ஸ் சத்தம் நெருங்கியது. "யோவ் வாலஸ், நில்லுய்யா" என்று அவள் கத்தியது பக்கத்து மாவட்டத்துக்கே கேட்டிருக்கும். கோர்ட் படியில் என் காலரைப் பிடித்துவிட்டாள்.

சட்டைப் பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். "தோத்ததுக்கு அவ பொழப்பக் கெடுக்காத குவெண்டா."

அவளுக்கு மூச்சு வாங்கியது. "முட்டாப் பெருசு. நான் தேதி போடல. தேதி இல்லாம குடுத்தா திருப்பி அனுப்பிடுவாங்க. காசு தராதவங்க மேல எத்தனை கேஸ் போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? பேனாவ எடு."

என் முதுகின் மேலேயே தாளை வைத்துத் தேதியைப் போட்டாள். அலுவலகத்துப் பெண் கதவை மூட வந்துகொண்டிருந்தாள். இடுக்கில் காலை வைத்தது குவெண்டாதான்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கோர்ட் தீர்ப்பை ரத்து செய்தது. நெரிடா அந்த உத்தரவைக் கடன் பதிவுக்காரர்களுக்கு அனுப்பினாள். அந்த வரியை அடியோடு எடுத்துவிட்டார்கள். 'கட்டியாயிற்று' என்ற சொல்கூட இல்லை, துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மாதக் கடைசிக்கு முந்தின நாள் பேங்க்கிலிருந்து போன் வந்தது. நெரிடா போட்ட கூச்சலில் மூன்று ரொட்டிகள் அமுங்கிப்போனதை என் கண்ணால் பார்த்தேன்.

கடை அவள் பெயரில் திறந்த காலையில் முதல் ஆளாக உள்ளே வந்தது குவெண்டா. ஒரு துண்டு பழக் கேக் கேட்டாள். நின்றபடியே மென்று, "திராட்சையக் கொஞ்சம் பெருசா வெட்டிட்ட" என்றாள்.

நெரிடா காசு வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"அதெல்லாம் வேண்டாம். காச எண்ணிப் பாத்து வாங்கிக்க" என்று நாணயங்களை மேசையில் தள்ளினாள் குவெண்டா. "ரசீதும் குடு. உன்கிட்ட பாக்கி வெச்சு, நீ என்மேல கேஸ் போட்டா, அப்புறம் நான் எந்தப் பெருசு பின்னாலடி ஓடறது?"