கொட்டாவி அதிகாரியின் குழாய்

அருங்காட்சியகத்தின் மூன்றாம் அறைக் காவலர் அந்தச் சரடைத் திரித்தது ஒரு மழை நாள் மத்தியானம், பொழுது போகாமல். கண்ணாடிப் பெட்டியில் கிடந்த சுட்டமண் குழாயைக் காட்டி ஒரு அம்மாள் இது என்னவென்று கேட்க, வாய்க்கு வந்ததை அளந்துவிட்டார். பழைய அரசன் ஒருவன் சபையில் கொட்டாவி அளக்கத் தனி அதிகாரி வைத்திருந்தானாம். குழாயை வாயருகே பிடித்தால் அதன் மூன்று துளைகளில் எத்தனை வழியாகக் காற்று வருகிறதோ, ஆளின் பதவி அத்தனை படி இறங்குமாம். கொட்டாவி வடக்கிலிருந்து தெற்காகவே பரவும் என்பதால் அரசன் வடக்கு மூலையை விட்டு நகரவே மாட்டானாம்.

அந்த அம்மாள் ஒரு பேராசிரியர். சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

இரண்டே வருடத்தில் அது புத்தகமாகிவிட்டது. துளைகளை மயிரிழை பிசகாமல் அளந்து, நாற்பது மாணவர்களைக் கொட்டாவி விடவைத்து, வரைபடமும் போட்டிருந்தார். காவலர் இயக்குநரிடம் போய், எல்லாம் தான் கட்டிவிட்ட கதை, அது வெறும் சாக்கடைக் குழாய் என்று ஒப்புக்கொண்டார்.

இயக்குநர் கோப்பிலிருந்து நிமிரவில்லை. "அதுக்கு என்ன ஆதாரம் இருக்கு உங்ககிட்ட?"

ஆதாரம் வீட்டில் இருந்தது: ஆயுள் முழுக்க நகரத்துச் சாக்கடைகளுக்குக் குழாய் பதித்த அப்பா. அதையும் சொன்னார். மறுநாள் ஒரு தாள் வந்தது. அந்த வரலாறு தன் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டது என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் பார்வையாளரிடம் பொய் சொன்னதற்காக வேலை போகும். மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். போட்டுவிட்டார்.

குழாய்க்கென்றே கட்டிய புதிய கூடத்தின் திறப்பு விழாவுக்கு அப்பாவையும் கூட்டிவரச் சொன்னார்கள், கொட்டாவி அதிகாரியின் வாரிசாக. புகைப்படத்துக்காகக் குழாயை வெளியே எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள். கிழவர் விளிம்பைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சாக்கடைக் குழாய்டா இது. இந்த ஓட்டையெல்லாம் வீட்டுத் தண்ணி வந்து சேர்றதுக்கு. வாய் கொஞ்சம் கோணியிருக்கு பாரு, சுட்டவன் அவசரப்பட்டுட்டான்."

இயக்குநர் காவலரைப் பார்த்தார்.

"அப்பாவுக்கு ஞாபகம் தப்பிடுச்சு சார்," என்றார் காவலர். "வீட்லயும் இப்படித்தான்."

எல்லோரும் பரிவோடு சிரித்தார்கள். கிழவர் குழாயைத் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார்.

விழா முடிந்து வெளியே வந்தபோது வாசற்படிகள் செங்குத்தாக இறங்கின. மகன் கையை நீட்டினார். அப்பா அதைப் பிடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து, நின்று நின்று இறங்கினார். காவலர் நீட்டிய கையோடு ஒரு படி பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்.