கொழும்புக்குப் போகும் கருவாடு

மயிலாப்பூர் குப்பத்திலிருந்து கொழும்புக்குப் பன்னிரண்டு வருஷம் கருவாடு அனுப்பியவன் கங்கம்மாவின் புருஷன். அவன் செத்த மறு வருஷம், யுத்த காலத்துச் சட்டம் ஒன்று வந்தது. பெர்மிட் இல்லாமல் கருவாடு கப்பலேறக் கூடாது. முன்பிருந்தே ஏற்றுமதி செய்தவர்களுக்குத்தான் பெர்மிட்.

எழுதப் படிக்கத் தெரியாத கங்கம்மா, பழைய கப்பல் ரசீதுகளையெல்லாம் புருஷனின் கணக்குப்பிள்ளை லாசரிடம் கொடுத்துத் தன் பேரில் மனு போடச் சொன்னாள். அவன் காட்டின இடத்திலெல்லாம் கைநாட்டு வைத்தாள்.

பெர்மிட் லாசர் பேரில் வந்தது.

"இன்னா லாசரு, இது எங்கூட்டுக்காரர் தொழிலாச்சே!"

"நீதான் தொழில என் பேருக்கு எழுதிக் குடுத்துகீறியேக்கா. கைநாட்டு கீதே," என்றான் அவன், எங்கோ பார்த்துக்கொண்டு. "மூட்டை தைக்கிற வேலை தர்றேன், வா."

கங்கம்மா பெர்மிட் ஆபீசுக்கு ஓடினாள். குமாஸ்தா காகிதத்தைப் படித்துக் காட்டினார். லாசர் சொன்னது சரிதான்.

வீட்டில் அவள் பெண் பிள்ளைகள் மூன்று பேரும் பசியோடு இருந்தார்கள். திங்கட்கிழமை லாசரின் கிடங்கில் கோணி ஊசியோடு உட்கார்ந்தாள். கொழும்பு வியாபாரிகள் வேறு பேரை நம்பமாட்டார்களாம். ஒவ்வொரு மூட்டையிலும் அவள் புருஷன் பேரையே லாசர் மையால் எழுதிக்கொண்டிருந்தான். அவள் அடுத்த மூட்டையின் வாயைத் தைத்தாள்.